நவீன ஃபேன்டஸி ஆட்டம் எங்கே சிக்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டைப் பற்றியது இது. கோட்டையும் குதிரையும் உள்ள உலகத்தில் ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொல்வதுதான் சட்டம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யாரும் அந்த ஊரில் வாழ்ந்ததில்லை. இன்றைய நகரத்துக்குள் மாயத்தைக் கொண்டுவந்தால் கதை வேறு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, போலீஸ்காரர் எப்படிப் பேசுவார், சிசிடிவி எந்தக் கம்பத்தில் இருக்கும் என்று ஒவ்வொரு பிளேயருக்கும் தெரியும். சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் அவர்கள் தங்கள் அனுபவத்தை வைத்து நிரப்பிக்கொள்வார்கள், அதுவும் ஆளுக்கொரு விதமாக.

அதனால்தான் இந்த வகைக் கேம்பெயின் (பல அமர்வுகளாகத் தொடரும் கதை) முதல் செஷனில், அதாவது முதல் அமர்வில், கெடுவதில்லை. மூன்றாவது, நான்காவது செஷனில் திணறத் தொடங்கும். உடனே கதையை மாற்றுவதோ, முன்னதைவிடப் பெரிய பூதத்தை இறக்குவதோ பலன் தராது. செட்டிங்கை (கதை நடக்கும் உலகத்தை) தேர்ந்தெடுத்த அன்று முடிவெடுக்காமல் விட்ட ஏதோ ஒன்றில்தான் அநேகமாகப் பழுது இருக்கும். கீழே உள்ளவற்றில் உங்கள் மேசையில் காதில் விழும் வாசகம் எதுவோ அங்கே போங்கள். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் முதலாவதிலிருந்து ஆரம்பியுங்கள். அதைச் சரிசெய்தாலே மற்றவை பாதி அடங்கிவிடும்.

"நூறுக்கு அடிச்சிடலாமே"

பாழடைந்த குடோனுக்குள் ரத்தக்காட்டேரி. சண்டைக்கு நீங்கள் வரைபடம்கூடப் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஒருவர் போலீஸைக் கூப்பிடலாம் என்கிறார். இன்னொருவர் வீடியோ எடுத்து ஏற்றிவிடலாம் என்கிறார். "சிக்னல் இல்லை" என்று சமாளிக்கிறீர்கள். ஒரே கேம்பெயினில் மூன்றாவது முறையாக "சிக்னல் இல்லை" சொல்லியிருந்தால் நோய் இதுதான்.

மாயம் ஏன் ஊருக்குத் தெரியாமல் இருக்கிறது என்பதற்கு உங்கள் உலகத்தில் காரணம் கிடையாது. வழக்கில் இருக்கும் விளையாட்டுகள் இந்தக் கதவுக்கு நான்கு விதமாகப் பூட்டுப் போடுகின்றன.

முதலாவது, மறைந்து வாழ்பவர்களே போட்டுக்கொண்ட சட்டம். 1991இல் வந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' தலைப்பிலேயே இதை வைத்திருக்கிறது. வெளியே காட்டிக்கொடுக்கும் ரத்தக்காட்டேரியை மற்ற ரத்தக்காட்டேரிகளே தண்டிக்கும். இரண்டாவது, உலகமே தண்டிப்பது. 'மேஜ்: தி அசென்ஷன்' ஆட்டத்தில் சாதாரண மனிதர் பார்க்கும்படி அப்பட்டமாக மந்திரம் செய்தால் எதார்த்தமே திருப்பி அடிக்கும். அதற்குப் பாரடாக்ஸ் என்று பெயர். மூன்றாவது, பார்ப்பவர் கண்ணிலேயே பூட்டு. 'சிட்டி ஆஃப் மிஸ்ட்'டில் ஒரு பனிமூட்டம் எல்லாவற்றுக்கும் நம்பும்படியான விளக்கத்தை மனிதர் மனதில் வைத்துவிடும். டிராகனைப் பார்த்தவர் கேஸ் சிலிண்டர் வெடித்தது என்பார். நான்காவதில் பூட்டே இல்லை. 1989இல் தொடங்கிய 'ஷாடோரன்' உலகத்தில் மந்திரம் ஊரறிந்த விஷயம், மந்திரம் போட லைசென்ஸ் கேட்பார்கள்.

இதில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டைக் கலந்து வைப்பதுதான் பெரும்பாலான மேசைகளில் நடக்கும் தவறு. முதல் செஷனில் மக்கள் கண்ணுக்கே தெரியாத பிசாசு, மூன்றாவது செஷனில் சாட்சியைக் கொல்ல ஆள் அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாததற்குச் சாட்சி எப்படி வந்தார் என்று யாராவது கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

எடுத்த பூட்டை ஒரே வாக்கியமாக அட்டையில் எழுதி மேசை நடுவில் வையுங்கள். அதன் பின்புறத்தில் பூட்டை உடைத்தால் யார் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார் என்று எழுதுங்கள். பக்கத்தில் ஆறு கட்டமுள்ள ஒரு வட்டம் வரைந்துகொள்ளுங்கள். வெளியாள் ஒருவர் பார்த்தால் ஒரு கட்டம், வீடியோ வெளியே போனால் இரண்டு கட்டம் நிரப்புங்கள். ஆறும் நிரம்பியதும் பின்புறத்தில் எழுதியவர் வந்து நிற்க வேண்டும். வட்டம் எல்லோர் கண்ணிலும் படட்டும், ஒளித்து வைக்காதீர்கள். இதன்பின் பிளேயர்கள் வீடியோ எடுக்கத் துடிப்பது தானாகக் குறையும், எடுத்தாலும் தெரிந்தே எடுப்பார்கள்.

போலீஸை முட்டாளாகக் காட்டிச் சமாளிப்பது சோம்பேறி வேலை. ஸ்டேஷனில் ஒரே ஒருவருக்கு விஷயம் தெரியும் என்று வையுங்கள். அவர் உதவுவார், ஆனால் ஒவ்வொரு உதவிக்கும் பதிலுக்கு ஒன்று கேட்பார். அப்புறம் "நூறுக்கு அடி" என்பதும் ஓர் உத்தியாகிவிடும், அதற்கும் விலை உண்டு.

"துப்பாக்கி இருக்கும்போது மந்திரம் எதுக்கு?"

ரூல்புக்குகளின் ஆயுதப் பட்டியல் அமெரிக்கக் கடைத்தெருவை மனதில் வைத்து எழுதப்பட்டது. 'மான்ஸ்டர் ஆஃப் தி வீக்'கில் ஷாட்கன் 3 சேதம் (அடிபட்டவர் இழக்கும் புள்ளி), பெரிய கத்தி 1. எந்தப் பிளேயரும் கத்தியை எடுக்க மாட்டார்.

ஆட்டம் இந்தியாவில் நடந்தால் பாதி வேலை மிச்சம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் உள்ளவரும் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயுதப் பட்டியலை அரிவாள், இரும்புக் கம்பி, பைக் செயின், ஹாக்கி மட்டை என்று மாற்றி எழுதி, எல்லாவற்றுக்கும் 1 அல்லது 2 சேதம் கொடுங்கள். துப்பாக்கி கிடைத்தால் அது அந்தச் செஷனின் பெரிய நிகழ்ச்சியாக இருக்கட்டும்.

ஆட்டம் அமெரிக்காவிலேயே நடக்கிறதென்றால் சேதத்தைக் குறைத்து ஏமாற்ற வேண்டாம். 'மான்ஸ்டர் ஆஃப் தி வீக்'கின் ஒரு விதியை எந்தச் சிஸ்டத்துக்கும் (விதித்தொகுப்புக்கும்) கடன் வாங்கலாம்: அசுரனின் பலவீனத்தைப் பயன்படுத்தாமல் அதை ஒழித்துக்கட்ட முடியாது. சுட்டால் விழும், மறுநாள் எழுந்து வரும். துப்பாக்கி நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. பலவீனத்தைக் கண்டுபிடிக்கும் துப்பு ஒவ்வொரு செஷனிலும் குறைந்தது மூன்று இடத்திலாவது இருக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் பிளேயர்கள் அந்தத் தெருவுக்கே போக மாட்டார்கள்.

2002இல் வந்த 'டி20 மாடர்ன்' வைத்து ஆடுபவர்களுக்கு எதிர்ப்பக்கத்துத் தொல்லை: லெவல் ஏற ஏறத் துப்பாக்கிக் குண்டு கொசுக்கடியாகிவிடுகிறது. இங்கே பலரும் மறந்துவிடுகிற விதி ஒன்று உண்டு. ஒரே அடியில் வரும் சேதம் கேரக்டரின் கான்ஸ்டிடியூஷன் (உடல்வலு) எண்ணைத் தாண்டினால் ஃபார்ட்டிட்யூட் சேவ், அதாவது தாக்குப்பிடிக்கிறாரா என்று பார்க்கும் பகடை உருட்டல், இலக்கு 15. தவறினால் ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) நேராக மைனஸ் 1. கான்ஸ்டிடியூஷன் 12 உள்ளவர் 13 சேதம் வாங்கினாலே உயிருக்கு உலை. இந்த விதியைச் சேர்த்தாலே துப்பாக்கியைப் பார்த்து மறுபடி பயப்படுவார்கள்.

"இது எந்த ஊர்னே தெரியலையே"

சிகாகோ என்று சொல்லிவிட்டு எல்லாச் சண்டையும் ஏதோ ஒரு சந்தில், ஏதோ ஒரு பாரில் நடக்கிறது. பெயரை அழித்து வேறு ஊர் எழுதினாலும் ஒரு வரிகூட மாறாது. 'வேம்பயர்' சிகாகோவிலும் 'ஷாடோரன்' சியாட்டிலிலும் தொடங்கியதால் நம்மவர்களும் அங்கேயே தொடங்குகிறார்கள். மேசையில் யாருக்கும் சியாட்டில் தெரியாது. ஜிஎம் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் கூகுள் மேப்பைத் திறக்கிறார்.

என் கருத்து இதில் கொஞ்சம் பிடிவாதமானது: மேசையில் குறைந்தது இரண்டு பேர் நடந்து திரிந்த ஊரைத் தேர்ந்தெடுங்கள். ரூல்புக்கில் வரும் ஊர்தான் வேண்டுமென்றால் அதற்கென்று எழுதிய நகரப் புத்தகத்தை வாங்குங்கள். நடுவே நின்றால் இரண்டின் பலனும் இல்லை.

2010இல் வந்த 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' ரோல்பிளேயிங் விளையாட்டின் முறை இதற்கு நல்ல கருவி. நகரத்தைப் பிளேயர்களோடு சேர்ந்து கட்டச் சொல்கிறது: நகரத்துக்கு ஒரு கருப்பொருளோ அச்சுறுத்தலோ, அதன்பின் இடங்கள், இடத்துக்கு ஒரு முகம். நான்கு பிளேயர்கள் என்றால் ஆறு இடம் போதும். இருபது இடம் எழுதினால் பதினான்கைத் தொடவே மாட்டீர்கள். ஆளுக்கு ஒரு இடம் பிளேயர்கள் சொல்லட்டும், மிச்சம் இரண்டு உங்களுடையது.

சென்னையில் ஆடும் மேசைக்கு நிரப்பிய அட்டை ஒன்று இப்படி இருக்கும்:

இடம்: திருமயிலை பறக்கும் ரயில் நிலையம். ரயில் வந்தது 1997இல். மேலே ஆளரவமற்ற பெரிய காங்கிரீட் கூடங்கள், கீழே பக்கிங்ஹாம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தத் துண்டு தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, 1877–78இல், பஞ்ச நிவாரண வேலையாக ஆட்களைச் சேர்த்து வெட்டியது.
முகம்: இரவுக் காவலாளி, வயது 58. கடைசி ரயில் போனபின் மேல்மாடிக்கு ஏற மாட்டார்.
அவருக்கு வேண்டியது: மகளுக்கு நிரந்தர வேலை.
பிசகு: கடைசி ரயிலுக்கு அப்புறமும் மண்வெட்டிச் சத்தம் கேட்கும், கீழிருந்து. வெட்டுபவர்கள் கூலி கேட்பார்கள். பணமாக அல்ல, அரிசியாக.

நான்கே விவரம். ஆனால் இதை வேறு ஊருக்குப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. நிரப்பிய அட்டை தேறியதா என்று பார்க்கும் சோதனையும் அதுதான். பஞ்சமும் கால்வாயும் உண்மை. நீங்கள் கற்பனையாகச் சேர்த்தது சத்தத்தையும் காவலாளியையும் மட்டும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததையும் இதேபோல் எடுக்கலாம்: அந்த வெளிச்சத்தில் கடலிலிருந்து கரையேறியது என்ன? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அப்படித்தான். சதுப்பில் எரியும் வாயுவைத்தான் கொள்ளிவாய்ப் பேய் என்கிறார்கள் என்ற விளக்கம் எல்லோருக்கும் தெரியும். உங்கள் உலகத்தில் அந்த விளக்கம் யாரோ கிளப்பிவிட்ட கதையாக இருக்கட்டும்.

"அந்தச் சாமிக்கு எத்தனை ஹிட் பாயிண்ட்?"

நம்மூரில் ஆட்டம் வைத்தவுடன் வரும் சிக்கல் இது, வெளிநாட்டு ரூல்புக் எதுவும் உங்களுக்கு இதைச் சொல்லித் தராது. ஸ்காண்டிநேவியத் தெய்வம் தோருக்கு எண் போட்டால் மேசையில் யாரும் நெளிவதில்லை. முனீஸ்வரனுக்குப் போட்டால் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அவர் வீட்டில் அது குலதெய்வம்.

எல்லை எளிது: இன்றைக்கும் பூசை நடக்கும் தெய்வத்துக்கு எண்ணும் கிடையாது, வசனமும் கிடையாது. அதன் எல்லைக்குள் சில காரியங்கள் செல்லாது என்று மட்டும் வையுங்கள். கோயில் எல்லைக்கல் தாண்டி ரத்தக்காட்டேரி வர முடியாது. ஏன் என்று யாரும் விளக்க மாட்டார்கள். காட்டேரி, மோகினி, குறளி போன்றவை சாதாரணமாகத் தாங்கும். அதையும் ஒருமுறை மேசையில் கேட்டுவிடுங்கள்.

இதைவிட நுட்பமாக வரும் பழுது ஒன்று உண்டு. "ரத்த வழியாக வரும் ஆற்றல்", "தூய வம்சம்", "கலப்பில் பிறந்தவர்" என்ற சொற்கள் ஆங்கில நவீன ஃபேன்டஸியில் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் சொல்லும்போது அவை வேறு எதையோ பேசுகின்றன, எதை என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் சாதியைப் பற்றியதாக இருக்க வேண்டுமென்று எல்லோரும் பேசி முடிவெடுத்திருந்தால் சரி. இல்லாவிட்டால் ஆற்றல் வரும் வழியை மாற்றுங்கள்: கடன், சத்தியம், சாவுக்குத் தப்பிய இரவு, யாரிடமோ கற்ற தொழில். குலம் என்ற இடத்தில் கூட்டாளி என்று போட்டாலும் 'வேம்பயர்' விதிகள் ஒன்றும் உடையாது.

"அது யாரு, ஓநாய் ஆளா, ஜின்னா?"

மூன்றாவது செஷனில் பெயர்கள் குழம்பினால் வகை கூடிப்போயிற்று என்று பொருள். ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், தேவதை, ஜின், ரோபோவுக்குள் புகுந்த ஆவி என்று எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே இறக்கிவிட்டீர்கள். 'அர்பன் ஷாடோஸ்' ஒரு நகரம் முழுவதையும் நான்கு அணிக்குள் அடக்குகிறது. நீங்கள் மூன்றோடு தொடங்குங்கள். நான்காவது வரவேண்டுமென்றால் மூன்றில் ஒன்றோடு அதற்குப் பழைய பகையோ பாக்கியோ இருக்க வேண்டும். ஏற்கெனவே இறக்கிவிட்டவற்றை அழிக்க வேண்டாம், ஒன்றாகச் சேருங்கள்: அந்த ஜின்னும் அந்தத் தேவதையும் ஒரே இனம், ஊர் வேறு என்பதால் பெயர் வேறு.

"நான் தனியா போய்ப் பார்த்துட்டு வரேன்"

நகரக் கதையில் எல்லோருக்கும் வீடு, வேலை, பைக் இருக்கிறது. பாதாளக் குகையில் பிரிந்தால் சாவு. இங்கே பிரிந்தால் அவரவர் வீட்டுக்குப் போகலாம். நான்கு பேர் நான்கு இடத்தில் இருந்தால் மூன்று பேர் எப்போதும் மொபைல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

'அர்பன் ஷாடோஸ்' ஆட்டத்தின் கடன் முறையைக் கடன் வாங்குங்கள். தொடக்கத்திலேயே ஒவ்வொரு கேரக்டரும் தன் இடதுபக்கத்தவருக்கு ஒரு நன்றிக்கடன் பட்டிருக்கிறார், வலதுபக்கத்தவரின் ஒரு ரகசியம் அவருக்குத் தெரியும். கடனைத் திருப்பிக் கேட்கலாம், மறுத்தால் விளைவு உண்டு. ஆட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இதை ஒரு செஷனின் முதல் கால் மணியில் நிரப்பிவிடலாம்.

'ஷாடோரன்' ஆடுபவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும்: டெக்கர் (ஹேக்கர் பாத்திரம்) கணினிக்குள் நுழைந்தால் அரைமணி நேரம் அவர் ஒருவர் மட்டும் பகடை உருட்டுவார். ஹேக்கிங்குக்குப் பத்து நிமிட அலாரம் வையுங்கள், அல்லது மற்றவர்கள் உள்ளே நடந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில்தான் ஹேக் செய்ய முடியும் என்று கட்டாயமாக்குங்கள்: கதவுக்கு ஒரு உருட்டல், கேமராவுக்கு ஒரு உருட்டல். இரண்டும் பிடிக்காவிட்டால் டெக்கரை என்பிசி (ஜிஎம் ஆடும் பாத்திரம்) ஆக்கிவிடுங்கள்.

"மந்திரத்தாலேயே முடிச்சிடலாம்"

விலை இல்லாத மந்திரம் எந்தத் துப்பறிவையும் தின்றுவிடும். 'வேம்பயர்' ஐந்தாம் பதிப்பில் பல ஆற்றல்களைப் பயன்படுத்தும்போது ஒரு பத்துப்பக்கப் பகடை உருட்ட வேண்டும். 5 அல்லது அதற்குக் கீழே வந்தால் பசி ஒரு படி ஏறும். உங்கள் சிஸ்டத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால் இதையே ஒட்டவையுங்கள். பசி என்ற இடத்தில் தூக்கமின்மை, நினைவு, மூட்டுவலி எது வேண்டுமானாலும் வரலாம். ஐந்து கட்டம் வைத்து, ஐந்தும் நிரம்பியவர் மறுநாள் மந்திரமே செய்ய முடியாது என்று முடித்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ், காலேஜ், வாடகை விஷயமும் இதனோடு சேர்ந்ததுதான். தினமும் லீவு கேட்கும் காட்சியை ஆடிக்கொண்டிருக்க வேண்டாம். செஷன் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு உருட்டல் போதும். தவறினால் அந்த வாரம் மேனேஜர் போன் தப்பான நேரத்தில் வரும்.

மேசை திடீரென்று அமைதியானால்

இந்த அறிகுறிக்கு வாசகம் இல்லை. நிஜ ஊர், நிஜத் தெரு என்பதால் யாருடைய நிஜ வலியையும் நீங்கள் தெரியாமல் மிதித்துவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு நீரிலிருந்த ஏதோ ஒன்று காரணம் என்பது பிரமாதமான கதைக்கருதான். அந்த வெள்ளத்தில் வீட்டுச் சாமானெல்லாம் இழந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

செஷன் ஸீரோவில் (ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் அமர்வில்) இரண்டு பட்டியல் போடுங்கள்: ஆட்டத்தில் வரவே கூடாதவை, வரலாம் ஆனால் காட்சியாக விவரிக்கக் கூடாதவை. மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை இருக்கட்டும்; யாராவது தொட்டால் அந்தக் காட்சி வெட்டப்படும், காரணம் கேட்கக் கூடாது. உயிரோடிருக்கும் நிஜ ஆட்களை என்பிசி ஆக்காதீர்கள். நிஜ ஆஸ்பத்திரி, நிஜப் பள்ளிக்கூடத்தின் பெயரை மாற்றிவிடுங்கள். தெருப் பெயரை அப்படியே வைக்கலாம்.

எதுவும் பிடிபடாவிட்டால்

செட்டிங்கே தப்பு என்றால் இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். 'மான்ஸ்டர் ஆஃப் தி வீக்'கில் ஒவ்வொரு மர்மத்துக்கும் பகலில் தொடங்கி நள்ளிரவில் முடியும் ஆறு படிக் கவுண்ட்டவுன் உண்டு: பிளேயர்கள் தலையிடாவிட்டால் என்னென்ன நடக்கும் என்ற வரிசை. அதைக் கேம்பெயின் முழுவதற்கும் எழுதுங்கள். செஷனுக்கு மூன்று படி வீதம் இரண்டு செஷனில் ஆட்டத்தை முடித்துவிடுங்கள். யார் பிழைக்கிறார் என்பதைப் பகடை சொல்லட்டும். பிழைத்தவர்களைப் புதிய ஊருக்குக் கூட்டிப்போகலாம், கடன் பட்டியல் கையோடு போகும். முதல் நாளே மேசை நடுவில் வைக்க வேண்டியது வெறும் அட்டை ஒன்று, பூட்டை எழுதுவதற்கு.